இரவல் அதிகாரம்: டெக்சாஸ் துணை ஆளுநர் டேன் பேட்ரிக் வளர்ந்த கதை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் துணை ஆளுநருக்கு ஆண்டுச் சம்பளம் 7,200 டாலர். மாதக் கணக்கில் 600 டாலர். சபை கூடும் நாட்களுக்குப் படி தனி. அங்கே குறைந்தபட்சக் கூலிக்கு ஆண்டு முழுக்க உழைப்பவர்கூட இதைப்போல் இரண்டு மடங்கு சம்பாதித்துவிடுவார். ஆனால் சுமார் மூன்று கோடிப் பேர் வாழும் அந்த மாநிலத்தில் எந்த மசோதா விவாதத்துக்கு வரும், எது குழுவின் மேசையிலேயே மக்கிப்போகும், பள்ளிக்கூடங்களுக்கு எவ்வளவு பணம், சொத்து வரியில் எவ்வளவு தள்ளுபடி என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் ஆளுநருக்கு நிகரான கை இவருடையது. சில நேரங்களில் ஆளுநரை மிஞ்சிய கை என்றும் சொல்லலாம். 2015 ஜனவரியிலிருந்து அந்த நாற்காலியில் இருப்பவர் குடியரசுக் கட்சியின் டேன் பேட்ரிக். 2014, 2018, 2022 என மூன்று தேர்தல்களில் மாநிலம் முழுவதும் வாக்குக் கேட்டு வென்றவர். வலதுசாரி அலையில் மேலே வந்த இன்னொருவர் என்று அவரை ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அதில் உண்மை இருந்தாலும் முழுக்கதை அதுவல்ல. அவர் கையில் இருக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்று பார்த்தால்தான் அவருடைய தேர்தல் வரலாறு விளங்கும்.

முதலில் பதவியைப் பற்றி. புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர் டெல்லியிலிருந்து நியமிக்கப்படுபவர். அமெரிக்க மாநிலங்களின் துணை ஆளுநரோ பெரும்பாலும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். ஆளுநர் இறந்தாலோ விலகினாலோ அந்த இடத்துக்கு வருவதுதான் பல மாநிலங்களில் இவருடைய முதன்மையான வேலை. மற்றபடி ரிப்பன் வெட்டுவார், விழாக்களுக்குப் போவார். நியூயார்க் போன்ற மாநிலங்களில் பொதுத் தேர்தலின்போது ஆளுநரும் துணை ஆளுநரும் ஜோடியாக ஒரே வாக்கில் தேர்வாகிறார்கள். டெக்சாஸில் இரண்டும் தனித்தனித் தேர்தல். ஆளுநர் ஒரு கட்சி, துணை ஆளுநர் எதிர்க்கட்சி என்று அமைவதும் உண்டு. 1994-இல் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆளுநராக, ஜனநாயகக் கட்சியின் பாப் புல்லக் துணை ஆளுநராக ஒரே நாளில் வென்றார்கள். ஒரு பதவிக்காலம் நான்கு ஆண்டு. இத்தனை முறைதான் போட்டியிடலாம் என்ற வரம்பும் கிடையாது.

டெக்சாஸின் இப்போதைய அரசியலமைப்பு 1876-இல் ஏற்கப்பட்டது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆளுநராக இருந்த எட்மண்ட் டேவிஸ் அளவுக்கு மீறி அதிகாரத்தைக் குவித்துக்கொண்டார் என்ற கசப்பு அதை எழுதியவர்கள் மனதில் இருந்தது. அதனால் ஆளுநரின் அதிகாரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பிரித்தார்கள். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர், கணக்குத் தலைவர், நில ஆணையர் எனப் பலரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுநரால் அவர்களை நீக்க முடியாது. அதே அரசியலமைப்பு துணை ஆளுநருக்கும் பெரிதாக எதையும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. செனட் சபைக்குத் தலைமை தாங்கலாம், வாக்குகள் சமமானால் தம் வாக்கைப் போடலாம், அவ்வளவுதான். குழுக்களை அமைப்பது, அவற்றுக்குத் தலைவர்களை நியமிப்பது, மசோதாவை எந்தக் குழுவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது, யாரைப் பேச அழைப்பது என்று தீர்மானிப்பது ஆகிய நான்கும் செனட்டின் நடைமுறை விதிகளிலிருந்து வந்தவை. அந்த விதிகளை இரண்டாண்டுக்கு ஒருமுறை, கூட்டத்தொடரின் தொடக்கத்தில், 31 செனட்டர்களே வாக்களித்து நிறைவேற்றுகிறார்கள். ஆக, துணை ஆளுநரின் அதிகாரம் அந்த 31 பேரிடம் வாங்கிய இரவல். வேண்டாம் என்று 16 பேர் முடிவெடுத்தால் ஒரே நாளில் அவர் வெறும் மணியடிப்பவராகிவிடுவார். அந்த இரவலுக்கான விலை இப்போது செனட்டுக்கு வெளியே, ஒரு கட்சியின் உறுதியான ஆதரவாளர்கள் மட்டும் வாக்களிக்கும் தேர்தலில் நிர்ணயமாகிறது என்பதுதான் பேட்ரிக்கின் வரலாறு காட்டும் பெரிய மாற்றம்.

இந்த இரவலுக்கு நீண்ட காலம் ஓர் எழுதாத நிபந்தனை இருந்தது. அதன் பெயர் மூன்றில் இரண்டு பங்கு விதி. அது இயங்கிய விதம் விசித்திரமானது. மசோதாக்களை வரிசைப்படிதான் விவாதத்துக்கு எடுக்க வேண்டும் என்பது செனட் விதி. கூட்டத்தொடர் தொடங்கியதும் யாரோ ஒரு செனட்டர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்து வரிசையின் தலைமாட்டில் நிறுத்திவிடுவார். பல கூட்டத்தொடர்களில் அது மாவட்டப் பூங்காக்களை அழகுபடுத்தும் திட்டம் பற்றிய மசோதாவாக இருந்தது. பூங்கா எதுவும் அழகாகப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் கடைசிவரை விவாதத்துக்கு எடுக்க மாட்டார்கள். வழியை அடைத்துக்கொண்டு நிற்பதற்காகவே பிறந்த தடுப்பு மசோதா அது. அதைத் தாண்டி வேறு எதையும் எடுக்க வேண்டுமானால் விதியை நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 31 பேரும் வந்திருந்தால் 21 வாக்குகள் வேண்டும். எந்த மசோதாவும் 11 பேர் ஒன்று சேர்ந்தால் அப்படியே நின்றுவிடும். எனவே துணை ஆளுநர் எவ்வளவு பலசாலியானாலும் எதிர்த்தரப்பில் சிலரையாவது பேசி இணங்கவைத்தாக வேண்டும்.

அந்த நிபந்தனையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1979 சாட்சி. அப்போதைய துணை ஆளுநர் பில் ஹாபி 1973 முதல் 1991 வரை 18 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தவர். டெக்சாஸில் வேறு யாரும் அவ்வளவு காலம் இருந்ததில்லை. அதிபர் தேர்தலுக்கான வேட்பாளர் தேர்வைத் தனி நாளில் நடத்தும் மசோதாவை அவர் மூன்றில் இரண்டு பங்கு விதியைச் சுற்றிக்கொண்டு கொண்டுவரப் பார்த்தார். அவருடைய சொந்தக் கட்சியைச் சேர்ந்த 12 செனட்டர்கள் தலைமறைவாகி, சபை நடக்கத் தேவையான வருகை எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் செய்துவிட்டார்கள். அவர்களைத் தேடிப்பிடிக்க மாநிலக் காவல்படை கிளம்பியது. ஹூஸ்டனில் ஒரு செனட்டரின் வீட்டுக்குப் போனவர்கள் அவருடைய சகோதரரைச் செனட்டர் என்று நினைத்துப் பிடித்துவந்தார்கள். ஊரே சிரித்தது. ஹாபி இறங்கிவந்தார். இரவல் கொடுத்தவர்கள் கணக்குக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1996 தேர்தலில் குடியரசுக் கட்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு டெக்சாஸ் செனட்டில் பெரும்பான்மை பெற்றது, 17-க்கு 14. தலைமை நாற்காலியில் இருந்தவரோ ஜனநாயகக் கட்சியின் புல்லக். புதிய பெரும்பான்மை நினைத்திருந்தால் அவருடைய அதிகாரத்தைப் பிடுங்கியிருக்கலாம். செய்யவில்லை. அவர் இரு கட்சியினருக்கும் குழுத் தலைவர் பதவிகளைப் பகிர்ந்து கொடுப்பவர். அவரோடு காரியம் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த சான்று இன்னும் கூர்மையானது. 2000 டிசம்பரில் புஷ் அதிபராகக் கிளம்ப, துணை ஆளுநர் ரிக் பெர்ரி ஆளுநரானார். காலியான இடத்துக்குச் செனட்டர்களே தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 16-க்கு 15 என்ற கணக்கில் வென்றவர் பில் ராட்லிஃப், குடியரசுக் கட்சியின் மிதவாதி. அவர் நிதிக் குழுவின் தலைமையை ஜனநாயகக் கட்சியின் ராட்னி எல்லிஸிடம் கொடுத்தார். மக்கள் வாக்குக்காக 2002 தேர்தலில் நிற்பதாக அறிவித்துவிட்டு, சில நாட்களிலேயே விலகிக்கொண்டார். செனட்டர்கள் தாங்களாகத் தேர்ந்தெடுத்தால் எப்படிப்பட்டவர் வருவார் என்பதும், அப்படிப்பட்டவர் கட்சிக்குள் நடக்கும் போட்டியில் தாக்குப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதும் அந்த ஓராண்டில் தெரிந்துவிட்டன.

பேட்ரிக் இந்தச் சபை மரபுக்குள் வளர்ந்தவரல்ல. 1950-இல் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோரில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் டானி ஸ்காட் கோப். 1979-இல் ஹூஸ்டனில் தொலைக்காட்சி விளையாட்டுச் செய்தியாளராக வந்து சேர்ந்தார். ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணிக்காக உடம்பில் நீலச் சாயம் பூசிக்கொண்டு கேமரா முன் தோன்றிய மனிதர். பிறகு விளையாட்டு மதுக்கூடங்கள் நடத்தி நஷ்டப்பட்டு 1986-இல் திவால் மனு கொடுத்தார். அடுத்து வானொலி. ஹூஸ்டனில் கேஎஸ்இவி என்ற நிலையத்தின் வழியே பழமைவாத அரசியல் பேசும் நிகழ்ச்சியை நடத்தி, காரில் வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்களின் காதில் தினமும் ஒலித்தார். சொத்து வரி, குடியேற்றம், கருக்கலைப்பு என அவர் பேசிய விஷயங்களைக் கேட்டவர்களே பின்னாளில் அவருடைய வாக்கு வங்கி ஆனார்கள். 2006-இல் ஹூஸ்டன் புறநகரின் செனட் தொகுதி காலியானபோது, குடியரசுக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி எனும் முதற்கட்டத் தேர்தலில் அனுபவமுள்ள அரசியல்வாதிகள் மூவரை எதிர்த்து நின்று முதல் சுற்றிலேயே எளிதாக வென்றார். கட்சி அமைப்பின் தயவோ, பெரிய தலைவரின் பரிந்துரையோ இல்லாமல், நேயர்களை வாக்காளர்களாக மாற்றி வந்த வெற்றி அது.

2007 ஜனவரியில் புதுமுக செனட்டராக உள்ளே வந்ததும் அவர் கை வைத்தது மூன்றில் இரண்டு பங்கு விதியில். அதைக் குறைக்க வேண்டும் என்று கேட்டார். வாக்கெடுப்பில் 30-க்கு 1 என்று தோற்றார். அந்த ஒன்று அவர் மட்டும்தான். சொந்தக் கட்சிக்காரர் ஒருவர்கூட உடன் நிற்கவில்லை. அன்றைய செனட்டில் அவர் எவ்வளவு தனியாள் என்பதை அந்த எண்ணே சொல்லும். எட்டு ஆண்டுகளில் அதே சபை அந்த விதியைக் கைவிட்டது. இடையில் 30 பேரின் மனமும் வாதத்தால் மாறிவிட்டது என்று நம்புவதற்கில்லை. அவர்களுக்கு வாக்களிக்கும் மக்கள் கூட்டத்தின் சுருதி மாறியிருந்தது.

அந்த மாற்றம் வெளிப்படையாகத் தெரிந்த இரவு 2013 ஜூன் 25. கருக்கலைப்புக்குக் கடும் கட்டுப்பாடு விதிக்கும் மசோதா வழக்கமான கூட்டத்தொடரில் மூன்றில் இரண்டு பங்கு விதியைத் தாண்ட முடியவில்லை. எனவே, தடுப்பு மசோதா இல்லாத சிறப்புக் கூட்டத்தொடரில் அதைக் கொண்டுவந்தார் அப்போதைய துணை ஆளுநர் டேவிட் டூஹர்ஸ்ட். நள்ளிரவோடு கூட்டத்தொடர் முடிகிறது. ஜனநாயகக் கட்சியின் வெண்டி டேவிஸ் காலையில் எழுந்து பேசத் தொடங்கினார். உட்காரக் கூடாது, மேசையில் சாயக் கூடாது, சாப்பிடக் கூடாது, பேச்சு விஷயத்தை விட்டு விலகக் கூடாது என்பவை விதிகள். மூன்று முறை மீறினால் பேச்சை நிறுத்தலாம். இரவு பத்து மணி அளவில் மூன்றாவது மீறல் என்று டூஹர்ஸ்ட் தீர்ப்பளித்தார். கருக்கலைப்புக்கு முன் ஸ்கேன் எடுப்பதைக் கட்டாயமாக்கிய 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தை டேவிஸ் குறிப்பிட்டதுதான் குற்றம். செனட்டில் அந்தச் சட்டத்தை முன்னின்று நிறைவேற்றியவர் பேட்ரிக். பார்வையாளர் மாடத்தில் எழுந்த கூச்சலில் வாக்கெடுப்பு இழுத்து, நள்ளிரவைத் தாண்டிவிட்டது. மசோதா செத்தது. அடுத்த மாதமே இன்னொரு சிறப்புக் கூட்டத்தில் அது நிறைவேறிவிட்டாலும், தம் சபையைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் என்ற பெயர் டூஹர்ஸ்டோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரைப் பேட்ரிக் அடுத்த ஆண்டு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்.

அந்த 2014 தேர்தலின் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டெக்சாஸில் 1994-க்குப் பிறகு மாநிலம் தழுவிய எந்தப் பதவியையும் ஜனநாயகக் கட்சி வென்றதில்லை. எனவே நவம்பர் பொதுத் தேர்தலைவிட, மார்ச்சில் நடக்கும் குடியரசுக் கட்சியின் பிரைமரியே உண்மையான போட்டி. அதில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் மே மாதம் இரண்டாம் சுற்று. 2014 மார்ச்சில் நான்கு பேர் களத்தில். பேட்ரிக் சுமார் 41 சதவீதம், பதவியில் இருந்த டூஹர்ஸ்ட் சுமார் 28 சதவீதம். மே மாத இரண்டாம் சுற்றில் பேட்ரிக் 65 சதவீதம் பெற்று டூஹர்ஸ்டைத் தூக்கியெறிந்தார். பதிவு செய்த வாக்காளர்கள் ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கும் மேல் இருந்த மாநிலத்தில் அந்தச் சுற்றில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ ஏழரை இலட்சம். பேட்ரிக்குக்குக் கிடைத்தவை ஐந்து இலட்சத்துக்கும் குறைவு. அந்த வாக்குகள்தான் அவரை அந்த நாற்காலிக்குக் கொண்டுபோயின. நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் லெட்டிசியா வான் டி புட்டேயை சுமார் 58-க்கு 39 என்று வென்றது ஏறக்குறைய சடங்கு. டூஹர்ஸ்டுக்கு இது இரண்டாவது அடி. 2012-இல் அமெரிக்க செனட் இடத்துக்கான பிரைமரியில் முதல் சுற்றில் முன்னிலை பெற்றவர், இரண்டாம் சுற்றில் டெட் குரூஸிடம் தோற்றிருந்தார். ஒரே மனிதர் இரண்டு முறை ஒரே விதமாகத் தோற்றதைத் தனிப்பட்டவரின் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. கூட்டம் குறையக் குறையத் தீவிரமானவர்களின் எடை கூடும் என்பதுதான் அதற்குக் காரணம்.

2015 ஜனவரி 20 அன்று பேட்ரிக் பதவியேற்றார். மறுநாளே செனட் மூன்றில் இரண்டு பங்கு விதியைக் கைவிட்டு, ஐந்தில் மூன்று பங்கு போதும் என்று மாற்றியது. 21 இருந்த இடத்தில் 19. அப்போது குடியரசுக் கட்சியின் பலம் 20. பழைய விதிப்படி எதிர்க்கட்சியில் ஒருவரையாவது இழுத்தாக வேண்டியிருந்தது. புதிய விதியில் ஒருவரும் தேவையில்லை. 2018 தேர்தலுக்குப் பின் அக்கட்சியின் பலம் 19 ஆனது; அதுவும் போதும். 2020-இல் இன்னோர் இடம் போய் 18 ஆனது. 2021 ஜனவரியில் செனட் விதியை மறுபடி திருத்தி, ஒன்பதில் ஐந்து பங்கு என்று ஆக்கியது. 31-இல் ஒன்பதில் ஐந்து பங்கு என்றால் 18. இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது. தலைக்கேற்ற தொப்பி தைப்பதுபோல் விதி தைக்கப்பட்டிருக்கிறது.

இதன் விளைவு எதிர்க்கட்சி ஓரங்கட்டப்பட்டதோடு நிற்கவில்லை. ஆளுங்கட்சி செனட்டர்களின் நிலையும் மாறியது. முன்பு துணை ஆளுநருக்கு அந்தப் பக்கத்து வாக்குகள் சில தேவைப்பட்டன. இப்போது இந்தப் பக்கத்து வாக்குகள் ஏறக்குறைய முழுவதும் தேவை. எனவே சொந்தக் கட்சியில் ஒருவர் முரண்டு பிடித்தாலும் சகிக்க முடியாது. அமரில்லோவைச் சேர்ந்த செனட்டர் கெல் செலிகர் 2017-இல் பேட்ரிக்கின் முன்னுரிமை மசோதாக்கள் சிலவற்றுக்கு எதிராக நின்றார். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் திட்டமும் அவற்றில் ஒன்று. 2019-இல் உயர்கல்விக் குழுவின் தலைமை அவரிடமிருந்து போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கிடைத்த வேளாண் குழுத் தலைமையும் சில நாட்களில் பறிபோனது. ஜனநாயகக் கட்சியினருக்கான குழுத் தலைமைகளைக் குறைப்பேன் என்று பேட்ரிக் பிரசாரத்திலேயே சொல்லியிருந்தார். 2015-இல் 14 குழுக்களில் 2 மட்டும் அவர்களுக்குக் கிடைத்தன. 2023-இல் மிஞ்சியது ஒன்று, ஜான் விட்மையரின் குற்றவியல் நீதிக் குழு.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 31 பேரில் 11 பேர் எதையும் நிறுத்திவைக்கலாம் என்பது எந்த ஊர் ஜனநாயகம்? மூன்றில் இரண்டு பங்கு விதி அரசியலமைப்பில் இல்லாத ஒரு பழக்கம். அதை ஒழிப்பேன் என்று மேடை மேடையாகச் சொல்லி, மக்களிடம் வாக்குக் கேட்டு வென்று, சொன்னதைச் செய்தவர் மீது என்ன குற்றம்? நியாயமான கேள்விதான். சிறுபான்மையின் தடுப்புரிமை புனிதமானது என்று யாரும் வாதிட முடியாது. நல்ல சட்டங்கள் பலவும் அந்தப் பூங்கா மசோதாவுக்குப் பின்னால் நின்று செத்திருக்கும். ஆனால் பெரும்பான்மைதான் கொள்கை என்றால் எல்லை 16 ஆக இருக்க வேண்டும். அது 19 ஆனது, பிறகு 18 ஆனது. கட்சியின் தலையெண்ணிக்கை எங்கே நின்றதோ அங்கே. எல்லை 16 ஆகியிருந்தால், சொந்தக் கட்சியில் சிலர் மாறி வாக்களித்தாலும் மசோதா எதிர்க்கட்சியின் உதவியின்றியே தப்பியிருக்கும். அவர்களுக்கும் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும். கட்சிக் கோட்டையொட்டி வரைந்த எல்லையில் அந்த இடம் கிடையாது.

விதியை வளைத்தது பேட்ரிக் மட்டுமா என்றும் கேட்கலாம். இல்லை. டூஹர்ஸ்ட் 2003-இல் தொகுதி மறுவரையறைக்காகத் தடுப்பு மசோதாவை விலக்கினார். 11 ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கிக்குப் போய் ஒரு மாதத்துக்கும் மேல் தங்கினார்கள். விட்மையர் திரும்பிவந்ததும் எதிர்ப்பு முடிந்தது, மசோதா நிறைவேறியது. 2009-இல் வாக்காளர் அடையாள அட்டை மசோதாவுக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தார்கள். ஆக, சுவரில் விரிசல் முன்பே இருந்தது. ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்கான விலக்கு. காரியம் முடிந்ததும் விதி திரும்ப வந்துவிட்டது. அதையே நிரந்தர ஏற்பாடாக்கியது பேட்ரிக்கின் காலம்.

மூன்றாவது மறுப்பு, செனட் ஒன்றே சட்டமன்றம் அல்லவே என்பது. பிரதிநிதிகள் சபை இருக்கிறது, ஆளுநரின் கையெழுத்து இருக்கிறது. திருநங்கைகள் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் மசோதாவை 2017-இல் பேட்ரிக் செனட்டில் நிறைவேற்றினார். பிரதிநிதிகள் சபையின் தலைவர் ஜோ ஸ்ட்ராஸ், அவரும் குடியரசுக் கட்சிதான், அதைச் சிறப்புக் கூட்டத்தொடரிலும் நகரவிடவில்லை. 2025-இல் கஞ்சாச் செடியின் போதைப்பொருளான டிஎச்சி கலந்த பண்டங்களை முற்றிலும் தடைசெய்யப் பேட்ரிக் கொண்டுவந்த மசோதாவை ஆளுநர் கிரெக் அபாட் கடைசி நேரத்தில் நிராகரித்தார். எனவே பேட்ரிக்கைச் சர்வ வல்லமை படைத்தவர் என்று சித்திரிப்பது மிகை. ஆனால் அந்தத் தடுப்புகளுக்கு என்ன ஆயிற்று என்றும் பார்க்க வேண்டும். ஸ்ட்ராஸ் 2017 அக்டோபரிலேயே இனி நிற்கப்போவதில்லை என்று ஒதுங்கினார். பின்னாளில் சபைத் தலைவராக இருந்த டேட் ஃபீலனுக்கு எதிராக 2024 பிரைமரியில் அவருடைய போட்டியாளரைப் பேட்ரிக் ஆதரித்தார். ஃபீலன் இரண்டாம் சுற்றில் மயிரிழையில் தப்பினாலும் டிசம்பரில் தலைவர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். தனியார் பள்ளி உதவித் திட்டத்தை 2023 நவம்பரில் பிரதிநிதிகள் சபையின் 21 குடியரசுக் கட்சியினர் ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து முறியடித்தார்கள். அவர்களில் பலரை 2024 பிரைமரியில் ஆளுநர் அபாட்டே குறிவைத்து வீழ்த்தினார். 2025-இல் திட்டம் சட்டமாகிவிட்டது. செனட்டை வளைத்த அதே கருவிதான் மற்ற சபையையும் வளைத்திருக்கிறது.

நவம்பர் தேர்தலே பொருளற்றதாகிவிட்டதா? அப்படியும் சொல்ல முடியாது. 2018-இல் ஜனநாயகக் கட்சியின் அதிகம் அறியப்படாத கணக்காளர் மைக் கோலியர் பேட்ரிக்கை ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம் வரை நெருக்கினார். ஏறத்தாழ நான்கு இலட்சம் வாக்குகள். அதே நாளில் அதே வாக்குச்சீட்டில் அபாட் 13 சதவீதம் முன்னிலையில் வென்றார். அதாவது, ஆளுநருக்குக் குடியரசுக் கட்சியில் வாக்களித்த கணிசமானோர் துணை ஆளுநருக்குக் கோட்டைத் தாண்டிப் போட்டார்கள். தனித்தனித் தேர்தல் என்ற ஏற்பாடு வாக்காளருக்குக் கொடுக்கும் கருவி அது. பொதுவான வாக்காளர் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் என்பதை அந்த எட்டு சதவீத இடைவெளி காட்டுகிறது. ஆனால் அந்த எச்சரிக்கை பேட்ரிக்கின் போக்கை மாற்றவில்லை. 2022-இல் கோலியரையே மறுபடி எதிர்கொண்டு சுமார் பத்து சதவீத வித்தியாசத்தில் வென்றார். ஐந்து சதவீதத்தில் வென்றாலும் இருபது சதவீதத்தில் வென்றாலும் கிடைக்கும் நாற்காலி ஒன்றுதான். அதை இழக்கும் அபாயம் பிரைமரியில்தான் இருக்கிறது என்று கணக்கிடும் அரசியல்வாதி அங்கேதான் காவல் வைப்பார். இதற்குப் பேட்ரிக்கைக் குறைசொல்லிப் பயனில்லை; அவர் ஆட்டத்தின் விதியைச் சரியாகப் படித்தவர்.

செனட்டர்கள் நினைத்தால் கொடுத்ததைத் திரும்ப வாங்கலாமே என்ற கேள்வி மட்டும் மிச்சம். சட்டப்படி வாங்கலாம். 1979-இல் 12 பேர் வாங்கிக் காட்டினார்கள். அன்று அவர்கள் அஞ்ச வேண்டியிருந்தது தங்கள் துணை ஆளுநருக்கு மட்டும். இன்று பேட்ரிக்கை எதிர்க்கும் குடியரசுக் கட்சி செனட்டர், அவரை நாற்காலியில் ஏற்றிய அதே வாக்காளர்களைத் தம் தொகுதியின் பிரைமரியில் சந்தித்தாக வேண்டும். இரவல் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கூட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களாகிவிட்டால், திருப்பிக் கேட்க ஆளில்லை. ஆகவே டெக்சாஸில் அதிகாரம் யாரிடம் என்று அறிய விரும்புகிறவர் நவம்பர் முடிவுகளோடு இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும்: மே மாத இரண்டாம் சுற்றில் எத்தனை பேர் வாக்களித்தார்கள், ஜனவரியில் செனட் தன் விதிகளை எந்த எண்ணில் நிறுத்தியது. அந்த மே மாத வாக்குப்பதிவுக்கு இன்னும் சில இலட்சம் பேர் வராதவரை, துணை ஆளுநர் பெயர் மாறினாலும் அந்தப் பதவியின் போக்கு மாறப்போவதில்லை.